பார்க்கல் கிழிச்சல், சிப்பி வெட்டு, கெளுத்தி முள்: பச்சிலை மருந்து எதற்கு நிற்கும், எதற்கு நிற்காது?

கஞ்சிப்பாசி (கேள்வி)

மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் குழு ஒன்றுக்கு முதலுதவிப் பெட்டி தயார் செய்கிறோம். 20 பேர். காலையில் வள்ளத்தில் ஏறினால் மதியத்துக்கு மேல்தான் கரை. முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாரிலிருந்து, அதாவது கடலடிப் பவளப்பாறைத் திட்டிலிருந்து, பிய்க்கிற வேலை. விரலுக்குத் துணி சுற்றினாலும் பார்க்கல் கிழித்துவிடுகிறது. காலில் சிப்பி வெட்டும் கெளுத்தி முள் குத்தும் சகஜம்.

இப்போது நடப்பது இதுதான்: தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசுகிறார்கள், வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிகிறார்கள், சிலர் "கடல் தண்ணியே மருந்துதான்" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு மூன்றே நாளில் காய்ந்துவிடுகிறது, சிலருக்குச் சீழ் வைத்துவிடுகிறது.

கேட்க வேண்டியவை மூன்று. இந்தப் பச்சிலைகளில் கிருமியை அடக்கும் சரக்கு உண்மையில் இருக்கிறதா, இருந்தால் எந்தச் செடியில் என்ன? ஆறு மாதம் கெடாத களிம்பாக ஒன்று காய்ச்சி வைக்க முடியுமா, அளவு என்ன? எந்தக் கட்டத்தில் பச்சிலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

நுண்நோக்கி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கிருமியைக் கொல்வது ஒரு வேலை, புண்ணை மூட வைப்பது வேறு வேலை. பச்சிலைகள் இரண்டாவதில் கெட்டி, முதலாவதில் சுமார். கடல் காயத்தில் அந்தச் சுமாரும் கிடையாது. காரணம் மருந்தில் இல்லை, கிருமியில் இருக்கிறது.

வீட்டில் அரிவாள்மனையில் விரல் வெட்டினால் உள்ளே போவது பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும். இவை கிராம் பாசிட்டிவ் வகை. சுவர் தடிப்பாக இருந்தாலும் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு கிடையாது, ஆகவே மஞ்சளின் குர்குமினோ மரமஞ்சளின் பெர்பெரினோ ஓரளவு உள்ளே இறங்கும். கடலில் வெட்டுப்பட்டால் கூடவே வருவது விப்ரியோ. அது கிராம் நெகட்டிவ். வெளியே கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு சவ்வு, உள்ளே வந்ததையும் வெளியே தள்ளும் பம்புகள். செடியிலிருந்து வரும் ஃபீனால் வகைப் பொருள்களில் பெரும்பாலானவை இங்கேதான் தோற்கின்றன. வீட்டு வெட்டுக்கு மஞ்சள் "கேட்டது", பார்க்கல் வெட்டுக்குக் "கேட்கவில்லை" என்று ஆட்கள் சொல்வதில் பாதி விளக்கம் இதுதான்.

அளவையும் பாருங்கள். சோதனைக் குழாயில் ஸ்டஃபைலோகாக்கஸை நிறுத்தவே குர்குமின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு நூறு மைக்ரோகிராமும் அதற்கு மேலும் வேண்டியிருக்கிறது. அந்தக் கிருமிக்குப் பொருத்தமான ஆன்டிபயாட்டிக் ஒன்றிரண்டு மைக்ரோகிராமில் வேலையை முடித்துவிடும். விரலி மஞ்சளில் குர்குமின் வகைகள் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு. அதுவும் தண்ணீரில் கரையாது. தண்ணீரில் குழைத்த மஞ்சள் வெறும் மஞ்சள் நிறக் கலங்கல், புண்ணுக்குள் எதுவும் இறங்காது. எண்ணெயில் கொஞ்சம் கரையும், ஆகவே தேங்காய் எண்ணெயில் குழைப்பது சரியான வழக்கம். சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதை மருந்து ஏறியதற்கு அடையாளமாக நினைக்க வேண்டாம். காரத்தில் குர்குமின் நிறம் மாறி வேகமாகச் சிதைகிறது. போதாததற்குச் சுண்ணாம்பு தோலைச் சுடும்.

மஞ்சள் புண் ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமையே கொடுத்தார்கள், நம் மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.) மறு ஆய்வு கேட்டு 1997-ல் ரத்து செய்ய வைத்தது. அதை எடுத்துக்காட்டி "பார்த்தீர்களா, நிரூபணம்" என்பார்கள். அங்கே நின்ற வாதம் வேறு: இது நம்மிடம் காலங்காலமாக இருக்கும் அறிவு, புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்பது. எந்தக் கிருமியை எவ்வளவு கொல்லும் என்பதை அந்த விவகாரம் தொடவே இல்லை.

செடியையும் குறைத்துப் பேச முடியாது. பெர்பெரின் தனியாகப் போனால் ஸ்டஃபைலோகாக்கஸ் அதைத் தன் நார்-ஏ பம்பால் வெளியே இறைத்துவிடும். ஆனால் பெர்பெரின் தயாரிக்கும் சில பெர்பெரிஸ் செடிகள் அந்தப் பம்பையே அடைக்கும் இன்னொரு பொருளையும், 5-மெத்தாக்ஸி ஹிட்னோகார்பின், கூடவே வைத்திருக்கின்றன. 2000-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று சோப்ளாங்கி, இன்னொன்று தானாக எதையும் கொல்லாது. சேர்ந்தால் வேலை நடக்கிறது. முழுச் செடிக்கும் பிரித்தெடுத்த பொருளுக்கும் ஏன் கணக்கு ஒத்துவருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கிருமி வளர்த்த அகார் கூழ்த் தட்டில் மருந்தைச் சொட்டி, கிருமி வளராத இடத்தை அளந்து "இத்தனை மில்லிமீட்டர் வட்டம் விழுந்தது" என்று வரும் கட்டுரைகளை நம்பிப் பெட்டியில் மருந்து வைக்காதீர்கள். தண்ணீரில் கரையாத பொருள் அகாரில் பரவாது, ஆகவே வட்டம் சின்னதாக விழும். மெத்தனாலில் கரைத்துச் சொட்டினால் மெத்தனாலே கிருமியைக் கொன்று வட்டத்தைப் பெரிதாக்கும். வெறும் மெத்தனால் வைத்த ஒப்பீட்டு வட்டம் கட்டுரையில் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கட்டுத்துணி

நான் மூணாவது கேள்விக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு: உங்க பெட்டியில பாதி இடத்தைத் தண்ணிக்கு ஒதுக்குங்க. கடல் காயத்துல மருந்தைவிடக் கழுவுறதுதான் பெருசு.

கடல் தண்ணி மருந்து இல்லைங்க. அதுல உப்பு நூத்துக்கு மூணரை, நம்ம உடம்புக்குள்ள இருக்குறது கிட்டத்தட்ட 0.9. ஏறக்குறைய நாலு மடங்கு. புதுச் சதையை அது எரிக்கும், அதோட விப்ரியோவும் அதே தண்ணியிலதான் இருக்கு. கொதிக்க வச்சு ஆறின குடிதண்ணி ஒரு லிட்டர், 9 கிராம் தூளுப்பு, அதாவது தலைதட்டுன டீஸ்பூன்ல ஒண்ணரை. உவர்க்கிணத்துத் தண்ணி வேணாம், கேன் தண்ணியாவது வாங்கி கொதிக்க வைங்க. அன்னைக்குக் கலந்தது அன்னைக்கே, மீதியை ஊத்திருங்க.

ஊத்துனா மட்டும் போதாது, பீச்சணும். 20 மி.லி. சிரிஞ்சு ஊசி இல்லாம போதும். அதுவும் இல்லைன்னா தண்ணி பாட்டில் மூடியில சூடு காட்டுன ஊசியால ஒரு ஓட்டை போட்டு அமுக்குங்க. ஒரு சென்டிமீட்டர் காயத்துக்கு 50லேர்ந்து 100 மி.லி. வரைக்கும். நாலு சென்டிமீட்டர் கிழிச்சல்னா கால் லிட்டராவது போகும். பார்க்கல் கிழிச்சல்ல கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள் உள்ள நிக்கும், அது உள்ள இருக்குற வரைக்கும் எந்தப் பச்சிலையும் ஆத்தாது. வெளிச்சத்துல பார்த்து, கொதிநீர்ல போட்ட இடுக்கியால எடுங்க. ரத்தம் நிக்கலைன்னா சுத்தமான துணியால பத்து நிமிஷம் விடாம அமுக்குங்க. நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது, அதுதான் எல்லாரும் பண்ற தப்பு.

கெளுத்தி முள், திருக்கை முள் வேற கணக்கு. அது விஷம், சூட்டுக்குச் சிதையும். 45 டிகிரி வரைக்கும் தாங்குற சூட்டுத் தண்ணியில அரை மணியிலேர்ந்து ஒண்ணரை மணி நேரம் கையையோ காலையோ முக்கி வைங்க. சூட்டைக் குத்து பட்டவங்க பாக்கக் கூடாது, அந்த இடம் மரத்திருக்கும், வெந்துரும். பக்கத்துல இருக்குறவங்க முழங்கையை விட்டுப் பாக்கணும். முள் உடைஞ்சு உள்ள நின்னா எந்தப் பச்சிலைப் பத்தும் அதை வெளியே இழுக்காது, எக்ஸ்ரேதான். திருக்கை நெஞ்சுலயோ வயித்துலயோ குத்தியிருந்தா முள்ளைப் பிடுங்காம அப்படியே ஆஸ்பத்திரி.

இப்போ எப்ப ஓடணும்கிறது. கடல்ல பட்ட அன்னைக்கோ மறுநாளோ வலி காயத்தோட அளவுக்கு மீறி ஏறுது, சிவப்பு மணிக்கு மணி பரவுது, ரத்தம் கோத்த கொப்புளம், காய்ச்சல், நடுக்கம்: இதுல ஒண்ணு வந்தாலே உடனே. விப்ரியோ வல்னிஃபிகஸ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். சுகர் இருக்குறவங்க, கல்லீரல் கோளாறு உள்ளவங்க, குடிப் பழக்கம் உள்ளவங்களுக்கு ரொம்ப ஆபத்து. டாக்டர்கிட்ட முதல் வாக்கியமே "கடல் தண்ணியில பட்ட காயம்"னு சொல்லச் சொல்லுங்க. சாதாரண வெட்டுக்காயத்துக்கு எழுதுற மாத்திரை இதுக்குப் போதாது, டாக்ஸிசைக்ளின் மாதிரி வேற மருந்து சேக்கணும், அவங்களுக்கு அந்தத் தகவல் தேவை.

ரெண்டுலேர்ந்து ஏழு நாளைக்குள்ள விரல் ஊதா நிறமா வீங்கி, எரிச்சலும் வலியுமா, ஆனா சீழ் இல்லாம இருந்தா அது மீன் தொடுறவங்களுக்கு வர்ற எரிசிபெலாய்டு. பென்சிலினுக்கு அடங்கும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஆறின இடத்துலேயே முடிச்சு முடிச்சாக் கிளம்பி கை மேல ஏறுச்சுன்னா அது வேற, காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன் ஒருத்தன், மைக்கோபாக்டீரியம் மேரினம். அதுக்கு மாசக் கணக்குல மருந்து. "பச்சிலை போட்டு ஆறிருச்சு, திரும்ப வந்துருச்சு"ன்னு வர்றதுல இது ஒண்ணு.

ஒரு வேண்டுகோள். பாக்கக் கூட்டிட்டு வரும்போது காயத்தைச் சுத்தி மஞ்சளை அப்பிக் கொண்டு வராதீங்க. சிவப்பு எதுவரைக்கும் பரவியிருக்குன்னு தெரியாமப் போயிரும். வீட்டுலேயே சிவப்போட ஓரத்துல பால்பாயிண்ட் பேனாவால கோடு போட்டு, பக்கத்துல மணியை எழுதிருங்க. கோட்டைத் தாண்டுச்சா இல்லையான்னு படிக்கத் தெரியாதவங்களும் சொல்லிருவாங்க.

டி.டி. ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி: இது அழுக்குக் காயக் கணக்குல வரும், கடைசியாப் போட்டு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா போடணும். 20 பேருக்கும் தேதியை ஒரு அட்டையில எழுதிப் பெட்டி மூடியில ஒட்டுங்க. மஞ்சப்பொடியிலயும் பச்சிலை மண்ணுலயும் விதைமாதிரி உறங்குற கிருமி இருக்கும், ஆழமான குத்துக்காயத்துல அதைத் திணிச்சு அடைக்கிறது டெட்டனஸுக்குக் கதவைத் திறந்துவிடுற மாதிரி.

மெழுகுபதம்

சித்த மருத்துவம் சார்ந்து எழுதுகிறேன். மேலே இரண்டு பேர் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. கழுவாத புண்ணில் தைலம் போடு என்று எந்த மரபும் சொல்லவில்லை. புண் கழுவும் குடிநீர் என்று தனியாகவே வைத்திருக்கிறோம். அதை விட்டுவிட்டுத் தைலத்தை மட்டும் பிடித்துக்கொண்டது நாம்தான்.

செடியில் இருக்கும் சரக்கு இரண்டு வகை: தண்ணீரில் இறங்குவது, எண்ணெயில் இறங்குவது. துவர்ப்பு, அதாவது டானின், தண்ணீரோடு போகும். வெட்டுக்காயப் பூண்டின் ஃபிளேவனாய்டுகளில் பெரும்பகுதியும் வல்லாரையின் ஆசியாட்டிகோசைடும் அப்படித்தான். மஞ்சளின் குர்குமினும், வேம்பின் கசப்பும், புன்னையின் பிசினும் எண்ணெய்க்கு வரும். வெட்டுக்காயப் பூண்டைத் தைலமாகக் காய்ச்சிவிட்டு அதன் முழுக் குணமும் தைலத்தில் இருக்கிறது என்று நம்புவது தவறு. அதில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. அதைப் பச்சையாகப் பயன்படுத்துவதே நல்லது.

அந்தப் பூண்டை அடையாளம் பார்த்துப் பறியுங்கள். தரையோடு படரும், இலை எதிரெதிராக, சொரசொரப்பாக, ஓரம் பல் பல்லாக. ஒரு சாண் மொட்டைக் காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவே மஞ்சள், சுற்றிலும் நாலைந்து வெளிர் இதழ், ஒவ்வொரு இதழ் நுனியிலும் மூன்று வெட்டு. பிள்ளைகள் தாத்தாப்பூ என்று கிள்ளி விளையாடுவது இதுதான். ஆட்டுப்பட்டி ஓரத்திலும் இறால் பண்ணைக் கழிவு வாய்க்கால் ஓரத்திலும் பறிக்காதீர்கள். ஒரு கைப்பிடி இலையை மூன்று தண்ணீரில் அலசி, கடைசி அலசல் கொதித்து ஆறிய தண்ணீரில். கழுவிய அம்மியில் அரைத்து மெல்லிய துணியில் பிழிந்து, சாறு மட்டும், மேலோட்டமான சிராய்ப்புக்கு மட்டும். சக்கையைக் காயத்தில் வைக்க வேண்டாம், இலையின் ரோமமும் மண்ணும் உள்ளே தங்கும். பார்த்தீனியம் பட்டால் தடிக்கும் உடம்பு உள்ளவர்களுக்கு இதுவும் தடிக்கக்கூடும், இரண்டும் ஒரே குடும்பம். முழங்கை மடிப்பின் உள்பக்கம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே காயத்தில்.

கழுவும் குடிநீர்: கடுக்காய், தான்றிக்காய், நெல்லிவற்றல், கொட்டை நீக்கிச் சம எடை, கரகரப்பாக இடித்தது 20 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர், சிறு தீயில் அரை லிட்டராக வற்ற வேண்டும். நான்காக மடித்த வெள்ளைத் துணியில் வடித்து, வெதுவெதுப்பில் கழுவவும். அன்றே முடிக்க வேண்டும், இரவு தாண்டினால் புளிக்கும். எவர்சில்வர் பாத்திரம் மட்டும். இரும்புச் சட்டியில் வைத்தால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும், அந்தக் காலத்து எழுது மையே இந்தக் கூட்டுதான். "கெட்டியாக வைத்தால் நல்லது" என்று கால் லிட்டராக வற்ற விடுகிறார்கள். துவர்ப்பு புரதத்தைத் திரைய வைக்கிறது. அளவோடு இருந்தால் மேலே மெல்லிய படலம் கட்டிக் கசிவு குறையும். அளவு மீறினால் தோல் பதனிடுகிற மாதிரி மேலே பொருக்கு இறுகி, அடியில் சீழ் தேங்கும். மேலே காய்ந்தும் அமுக்கினால் வலிக்கிற புண்ணெல்லாம் இந்த ரகம்.

இனி களிம்பு. செக்குத் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், வேப்பிலைச் சாறு அரை லிட்டர், விரலி மஞ்சள் 25 கிராம், தேன்மெழுகு 75 கிராம். கடை மஞ்சள்பொடி வேண்டாம். நிறத்துக்காகக் காரீயக் குரோமேட் கலப்பது நாடெங்கும் பிடிபட்ட விஷயம், புண்ணில் போடும் பொருளில் அந்த ஆபத்து எதற்கு. கிழங்காக வாங்கி இடித்துச் சலியுங்கள்.

அடி கனத்த பாத்திரத்தில் எண்ணெயும் சாறும் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, பயமில்லை. சலசலப்பு குறைந்து முக்கால் பங்கு வற்றியதும் மஞ்சளைப் போடுங்கள். முதலிலேயே போட்டால் இரண்டு மணி நேரம் வெந்து நிறமும் குணமும் குறையும். மஞ்சளை வேகவைக்கையில் குர்குமின் கால் பங்கிலிருந்து பாதி வரை போவதாக அளந்திருக்கிறார்கள். இதற்குப் பிறகு அடுப்பை விட்டு நகரக் கூடாது. தண்ணீர் தீர்ந்த கணத்தில் சூடு கிடுகிடுவென ஏறும், கருகிய வாசம் வந்தால் அந்த ஈடு முழுவதும் வீண்.

பதம் பார்ப்பது எப்படி என்றால், அடியில் தங்கும் வண்டலைக் கரண்டியில் எடுத்து ஆறவிட்டு இரண்டு விரலால் உருட்டுங்கள். ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால் இன்னும் சேற்றுப் பதம். மெழுகு மாதிரி உருண்டு திரியாக நீண்டால் மெழுகு பதம், இறக்கலாம். மணல் மாதிரி உதிர்ந்தால் சற்றுக் கடந்துவிட்டது, வெளிப்பூச்சுக்குப் பரவாயில்லை. கூடவே ஒரு பஞ்சுத் திரியை நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் மிச்சமிருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் சரி. இந்தச் சோதனையை விட்டுவிடுவதால்தான் வீட்டுத் தைலம் மூன்றாம் வாரத்தில் பூசணம் பூக்கிறது.

வடித்து, சூடு இருக்கும்போதே சீவிய மெழுகைப் போட்டுக் கரையுங்கள். 65 டிகிரிக்குள் கரைந்துவிடும், மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம். மற்ற ஊருக்கு 60 கிராம் போதும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே இளகும் சரக்கு, ராமநாதபுரம் வெயிலில் வள்ளத்தில் வைத்தால் மெழுகு குறைந்த களிம்பு ஓடிவிடும். இந்த அளவுக்கு ஏறக்குறைய அரை கிலோ வரும், தலைக்கு 25 கிராம் டப்பா ஒன்று. பெரிய டப்பாவில் எல்லோரும் விரலை விட்டால் முதல் வாரமே கெட்டுவிடும். ஒளி படாத டப்பா, காய்ச்சிய தேதி, ஆறு மாதம்.

எதில் போடலாம்: கழுவி, காய்ந்து, மூடத் தொடங்கிய கீறல், பித்தவெடிப்பு, உப்பில் ஊறி வெடித்த விரல் மடிப்பு. ஈரக் கை உள்ளவர்களுக்கு இதன் பெரிய பயன் மெழுகுப் படலம்தான், மருந்துச் சரக்கு அடுத்தபடி. புதுக் காயத்திலும் குத்துக்காயத்திலும் போடக் கூடாது. எண்ணெய் மூடினால் காற்றில்லாமல் வளரும் கிருமிக்கு அது சௌகரியம்.

தொண்டிக்கரை

இவ்வளவு எதுக்கு? எருக்கம்பால் ரெண்டு சொட்டு விட்டா ரத்தம் டக்குனு நின்னுரும். கடற்கரை பூரா எருக்குதான் நிக்கிது.

நுண்நோக்கி

நிற்பது நிஜம். அந்தப் பாலில் புரதத்தை வெட்டும் நொதிகள் இருக்கின்றன, ரத்தத்தை உறைய வைக்கும். அதே நொதிகள் தோலையும் அரிக்கும். இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகளும் அதில் உண்டு. பால் பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் கருவிழி வெளுத்துப் பார்வை மங்கும், வலி அதிகம் இல்லாததால் உடனே போகவும் மாட்டார்கள். வெயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள் பெட்டியில் அதற்கு இடமில்லை. பத்து நிமிடம் அமுக்கினாலே ரத்தம் நிற்கும்.

காரங்காடு பக்கம் அலையாத்திக் காட்டோரம் போகிறவர்களுக்கு இன்னொன்று: தில்லை மரத்தின் பாலும் இதே கதை, இன்னும் மோசம். தோலில் கொப்புளம், கண்ணில் பட்டால் தற்காலிகக் குருடு. "அலையாத்தி மரம் எல்லாம் மருந்து" என்று கிளையை ஒடிக்காதீர்கள்.

கஞ்சிப்பாசி

ரொம்ப உதவியாக இருந்தது. இன்னும் மூன்று. குழுவில் இரண்டு பேருக்குச் சுகர் இருக்கிறது, அவர்களுக்குக் கடையில் பச்சை நிறத்தில் வரும் மத்தன் தைலம் வாங்கி வைக்கலாமா? சோற்றுக்கற்றாழை, தேன் இரண்டும் பெட்டியில் வேண்டுமா? சொறி (ஜெல்லி மீன்) பட்டால் அடம்பங்கொடி கசக்கி விடுகிறார்கள், அது சரியா?

மெழுகுபதம்

மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறும் தேங்காய் எண்ணெயும் மயில்துத்தமும் சேர்ந்தது. பச்சை நிறம் அந்தச் செம்பு உப்பால். நாட்பட்ட புண்ணுக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபோலமினும் இருக்கின்றன. பரந்த புண்ணில் தாராளமாகப் போட்டால் உள்ளே ஏறி வாய் உலர்ந்து, கண்பாவை விரிந்து, பேச்சு குழறும். அதைச் சித்த மருத்துவர் புண்ணைப் பார்த்து அளவு சொல்லிக் கொடுக்க வேண்டும், அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. பொதுப் பெட்டியில் வேண்டாம். சுகர் உள்ள இருவருக்கும் காலில் படும் எந்தக் கடல் காயத்துக்கும் வீட்டு வைத்தியமே கிடையாது என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள். அவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம், வலியை வைத்து முடிவெடுக்க முடியாது.

கற்றாழை வெயில் எரிச்சலுக்கும் லேசான சூட்டுக் காயத்துக்கும் சரி. மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் முழுக்க வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சதையை மட்டும் கழுவி எடுங்கள். அந்த மஞ்சள் பால் அரிக்கும். ஆழமான திறந்த புண்ணில் வேண்டாம். 1991-ல் வெளியான ஓர் ஒப்பீட்டில், பிரிந்துபோன அறுவைப் புண்கள் வழக்கமான கட்டில் சராசரி 53 நாளிலும் கற்றாழை ஜெல் சேர்த்த கட்டில் 83 நாளிலும் ஆறின. எல்லாப் புண்ணிலும் ஈரமும் குளிர்ச்சியும் நன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டுத்துணி

தேன் நல்ல பொருள்தான். புண்ணுக்குன்னு காமா கதிர் காட்டிச் சுத்தம் பண்ணுன தேன் தனியா வருது, அது வேற. கொம்புத்தேன், பாட்டில் தேன்ல போட்டுலிசம்கிற நச்சு நோயை உண்டாக்குற கிருமியோட வித்து இருக்கலாம், அதனால திறந்த புண்ணுக்கு வேணாம். சுட வச்ச தேன்ல கிருமியைக் கொல்ற பெராக்சைடை உண்டாக்குற நொதி செத்துரும், வெறும் பாகுதான்.

அடம்பங்கொடிக்கு எதிர்ப்பு இல்லை. சொறி பட்ட தடிப்புக்கு அதோட சாறு கேக்குதான்னு தாய்லாந்துல நிறைய ஆராய்ஞ்சிருக்காங்க, வீக்கம் குறையுதுன்னுதான் வந்திருக்கு. ஆனா முதல்ல கடல் தண்ணியாலயே அலம்பி, ஒட்டியிருக்குற நூலை இடுக்கியால எடுத்த பிறகுதான். நல்ல தண்ணி ஊத்தித் தேய்ச்சா வெடிக்காம இருக்குற கொட்டுச் செல்லெல்லாம் வெடிக்கும். மூச்சு வாங்குச்சு, வாந்தி வந்துச்சுன்னா கொடியைத் தேடிட்டு நிக்காதீங்க. மணல் ஒட்டுன இலையைக் கிழிஞ்ச தோல்ல தேய்க்கவும் வேணாம்.

நுண்நோக்கி

பெட்டியில் ஒரு பொருள் சேர்க்கலாம்: கால்சியம் ஆல்ஜினேட் கட்டு. மருந்துக்கடையில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? பழுப்புப் பாசியிலிருந்து. நீங்கள் மூட்டை கட்டி அனுப்பும் கட்டக்கோரையும் ஆல்ஜினேட் எடுக்கிற பாசிதான். கசியும் புண்ணில் வைத்தால் கட்டில் இருக்கும் கால்சியமும் கசிவில் இருக்கும் சோடியமும் இடம் மாறி, நார் ஜெல்லாக இளகும். கசிவை உறிஞ்சும், எடுக்கும்போது புதுச் சதையைப் பிய்க்காது, வெளிவரும் கால்சியம் ரத்தம் உறையவும் கைகொடுக்கும். காய்ந்த புண்ணில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அங்கே வேண்டாம். அதற்காகப் பச்சைக் கட்டக்கோரையைக் காலில் சுற்றிவிடாதீர்கள். அதன் மேல்தான் விப்ரியோவும் குடியிருக்கிறது.

கஞ்சிப்பாசி

கட்டக்கோரை வண்டி வண்டியாகப் போவதைப் பார்த்திருக்கிறோம், அது கட்டாகத் திரும்பி வருவது தெரியாது. சரி, பட்டியல் இப்படிப் போடுகிறேன்: கொதித்து ஆறிய தண்ணீர் 5 லிட்டர், 9 கிராம் உப்புப் பொட்டலம் ஐந்து, 20 மி.லி. சிரிஞ்சு நாலு, இடுக்கி, சுட்ட துணி, ஆல்ஜினேட் கட்டு, பிளாஸ்க்கில் வெந்நீர், பேனா, டி.டி. தேதி அட்டை. களிம்பு டப்பா தலைக்கு ஒன்று, அது வீட்டில். சரிதானா?

கட்டுத்துணி

சுட்ட துணி வேணாம், கருகுன நூல் காயத்துல ஒட்டும். அலசுன வேட்டித் துணியை மடிச்சு இட்லிப் பானையில அரை மணி ஆவி காட்டி, வெயில்ல மூடி காய வச்சு, ஜிப் பையில போடுங்க. பிளாஸ்க் ஒண்ணு போதாது. ஒண்ணரை மணி நேரம் சூடு நிக்கணும்னா ஆறுறப்ப காலை வெளிய எடுத்துட்டு ஊத்திக் கலக்கணும், ரெண்டு வைங்க.

மெழுகுபதம்

களிம்பு டப்பா மூடியில் "புதுக் காயத்துக்கு அல்ல" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.